என் மீது நான் எழுதிய பிராது

சூளை வேலையை விட்டுவிட்டுத் தகனமேடையில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா முதலில் சிரித்தார்கள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. நான் வேடிக்கைக்குச் சொல்வதாக எண்ணிவிட்டார்கள் போலும். நான் வேடிக்கையாகப் பேசி அம்மா ஒருநாளும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

"எங்க?" என்றார்கள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா கட்டியிருக்காங்களேம்மா. கேஸ்ல எரிக்கிறது. ஒரு டிரஸ்ட்டு நடத்துறாங்க. சூளை தெரிஞ்ச ஆளு வேணும்னு சொன்னாங்க. போய்ப் பாத்தேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

"ஆபீஸ் வேலையா?"

"இல்லம்மா. எரிக்கிற வேலைதான்."

அம்மாவின் விரல்களுக்கு நடுவே கீரைக்காம்பு ஒன்று அப்படியே நின்றது. வீட்டுக்குள் யாரோ முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்திருப்பதைப் போல என்னைப் பார்த்தார்கள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. கொல்லையில் மேயும் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு நொய்யை இறைத்து, "கேட்டீங்களாடி சேதிய? இந்த வூட்டுப் பொண்ணு பொணம் எரிக்கப் போவுதாம்" என்று அவற்றிடம்தான் சொன்னார்கள்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பாரதி. விருத்தாசலத்தில் பிறந்து, இங்கேயே பீங்கான் தொழிலில் பட்டயம் பெற்றவள். தொழிற்பேட்டையில் திரு. பாண்டியன் அவர்களின் கம்பெனியில் சூளைக் கண்காணிப்பாளராகப் பல வருடங்கள் பணியாற்றினேன். மின்கம்பங்களுக்கான பீங்கான் கட்டைகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் சூளைக்குள் அனுப்பி, சூடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக் குறித்துக்கொள்வது என் வேலை. யாரும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. திருமணம் அமையவில்லை. அந்தப் பேச்சும் வீட்டில் ஓய்ந்துவிட்டிருந்தது.

போன கார்த்திகையில் அப்பா காலமானார்கள். அந்த வாரம் பெய்த மழையில் சுடுகாட்டுக்குப் போகும் பாதையே தண்ணீரில் மூழ்கிவிட்டது. வேறு வழியின்றி அடுத்த நகரத்தில் இருந்த தகனமேடைக்குக் கொண்டுசென்றோம். எனக்கு அண்ணன் தம்பி இல்லாததால் நானும் வண்டியில் ஏறினேன். பொம்பளைப் பிள்ளைகள் அங்கெல்லாம் வருவதில்லை என்று உறவினர்கள் தடுத்தார்கள். என் சித்தி அமிர்தம்தான், "பெத்த அப்பனுக்கு வராம வேற யாருக்கு வரும்? வுடுங்கய்யா" என்று வாதாடினார்கள்.

அங்கே பணியில் இருந்தவர் ஒரு பெண். ஏறத்தாழ என் வயது இருக்கும். நீலக் கோட்டு அணிந்திருந்தார். அப்பாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். காற்றில் விலகியிருந்த வேட்டியை இழுத்துச் சரி செய்தார். "பச்சமுத்து ஐயா, நல்லபடியா போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார். பிறகு என்னிடம் வந்து, "எவ்வளவு நேரமாவும்னு எல்லாரும் மனசுக்குள்ள கேப்பாங்க. வாய வுட்டுக் கேக்க மாட்டாங்க. நீங்க கேக்கலாம்ங்க" என்றார்.

நான் திகைத்துப் போனேன். சூளைக்குள் நெருப்பு என்ன செய்யும் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். ஆனால் சூளைக்கு வெளியே காத்திருப்பவர்களுக்காக ஒருவர் நிற்க முடியும் என்பது தெரியாது. எங்கள் ஃபியூஸ் கட்டைகளுக்காக யாரும் காத்திருப்பதில்லை. லாரிதான் காத்திருக்கும். அந்த நாளுக்குப் பிறகு கம்பெனியில் சூளைக் கதவைச் சாத்தும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. நம் ஊரிலும் தகனமேடை வருகிறது என்று கேள்விப்பட்டபோது, யாரிடமும் சொல்லாமல் போய் நின்றேன். அவ்வளவு துணிவு எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் விளங்கவில்லை.

அந்தத் துணிவும் அங்கேயே முடிந்துவிட்டது. பாண்டியன் சாரிடம் விடைபெறப் போனபோது என் குரல் எழும்பவேயில்லை.

"என்னம்மா பாரதி, லீவா?" என்றார், டீ குடித்துக்கொண்டே.

"இல்லைங்க சார். வேலையை விட்டு நின்னுக்கலாம்னு இருக்கேங்க. தகனமேடையில கூப்பிட்டிருக்காங்க."

அவர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தே விட்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "பொணத்தையா?" என்றார்.

"இறந்தவங்களைங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா! பேக்கிங்ல இருக்குற பசங்க ஏதாவது கிண்டல் பண்ணானுங்களா? சொல்லுங்க, இப்பவே கூப்பிட்டு ஒரு வாங்கு வாங்குறேன்."

"அப்படியெல்லாம் இல்லைங்க சார். எல்லாரும் நல்லபடியாத்தான் இருக்காங்க."

"அப்ப உங்களுக்கு மனசு சரியில்ல. அப்பா போனதுலேர்ந்து நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." சிறிது நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, அம்மா என்ன சொல்றாங்க? அவங்க போன்னு சொன்னா நானும் சரிங்கறேன். போங்க, கேட்டுட்டு வாங்க."

அவர் என்னை நன்கு அறிந்தவர். 'போ' என்ற ஒரு சொல் அம்மாவின் வாயிலிருந்து வராமல் நான் எந்த வாசலையும் தாண்டியதில்லை. படித்த படிப்பும், சேர்ந்த வேலையும், உடுத்தும் புடவையின் நிறமும் அப்படி வந்தவைதான். அந்தச் சொல் வராவிட்டால் திங்கட்கிழமையும் நான் ஃபியூஸ் கட்டைகளின் முன்னால்தான் நிற்பேன். அதன்பின் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் நிற்பேன்.

சனிக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சித்தி பஸ் பிடித்து வந்தார்கள். அம்மா ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்கள்.

"ஏண்டி பாரதி, ஊர்ல வேற வேலையே இல்லியா? ஜவுளிக்கடை இல்ல? செல்போன் கடை இல்ல?" என்று செருப்பைக் கழற்றும் முன்பே தொடங்கினார்கள். "உன்னை யாராவது என்ன வேலை பாக்குறேன்னு கேட்டா என்னன்னு சொல்லுவ?"

"அதையேதான் சித்தி சொல்லுவேன்."

"கேட்டவங்க அப்படியே ஓடுவாங்கடி."

அம்மா சித்தியைப் பார்த்துச் சொன்னார்கள்: "நாளைக்குக் கொளஞ்சியப்பர்கிட்ட போறேன். இவ மேல பிராது கட்டப் போறேன்."

மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் எங்கள் பக்கத்து மக்களுக்குச் சாமி மட்டுமல்லர், நீதிபதியும் அவரே. மாடு திருடு போனாலும், வரப்பை நகர்த்திப் போட்டாலும், மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாலும், வெள்ளைத்தாளில் மனுவாக எழுதிச் சந்நிதியில் வைத்து வாங்கி, அதே கோயிலில் காவல் தெய்வமாக நிற்கும் முனியப்பரிடம் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆனால் பெற்ற மகள் மீது பிராது கட்டியவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

"பிராதை நீதான் எழுதணும்" என்று அம்மா முதன்முறையாக என் பக்கம் திரும்பினார்கள்.

"நானாம்மா?"

"வேற யாரு? எனக்கு எழுத வராது. இவளுக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாது. வெளியாளுகிட்ட எழுதச் சொன்னா சேதி ஊரெல்லாம் நாறிப்பூடும். தப்பு பண்ணவளே எழுதட்டும்."

மறுத்துப் பேச எனக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் ஒரு தூணருகே உட்கார்ந்தோம். பரீட்சை அட்டையில் தாளை வைத்துக்கொண்டேன். அம்மா சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அம்மா ஒரு மூச்சில் நிறையச் சொன்னார்கள். நான் சிறிது எழுதினேன்.

"என்ன எழுதுன? படி."

"அருள்மிகு கொளஞ்சியப்பர் சமூகத்திற்கு, ராஜாம்பாள் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்…"

"நான் எங்கடி தாழ்மையாச் சொன்னேன்? வவுறு எரியுதுன்னு சொன்னேன்."

"சாமிக்கு எழுதுறதும்மா."

"சரி, சாமிக்குத் தாழ்மை வெச்சுக்க. மேல படி."

"என் மகள் பாரதி அவர்கள்…"

"அவர்களா? குத்தவாளிக்கு என்னடி அவர்கள்?"

சித்தி சிரித்துவிட்டார்கள். எதிர்த் தூணருகே மொட்டையடித்த குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு குடும்பம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் 'அவர்கள்' என்பதை அடித்துவிட்டு 'என்பவள்' என்று எழுதினேன்.

"புத்தி கெட்டுப்போயின்னு எழுது."

'மதி பிறழ்ந்து' என்று எழுதிப் படித்தேன்.

"அது என்னாது?"

"புத்தி கெட்டுன்னுதாம்மா அர்த்தம்."

"கேட்டா ஏதோ பட்டம் வாங்குனவ மாதிரி இருக்குது. புத்தி கெட்டுன்னே எழுது."

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அழகான கையெழுத்தில் என் புத்தி கெட்டுவிட்டது என்று நானே எழுதிவைத்திருந்தேன். ஒரு கணம், எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, 'நான் போகவில்லை, அம்மா' என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லியிருப்பேன். அதற்குள் சித்தி குறுக்கிட்டார்கள்.

"அக்கா, என்னா நஷ்டம்னு எழுதணுமில்ல? எங்க வரப்பு கேசுக்குப் பிராது கட்டுனப்ப தென்னம்புள்ள போச்சுன்னு எழுதுனோமே. அந்த மாதிரி உனக்கு என்னா போச்சுன்னு சொல்லு."

"மானம் போச்சு."

எழுதிக்கொண்டேன்.

"அப்பறம்?"

"இனிமே இவள எவன் கட்டுவான்?"

"ஆமா, இப்ப மட்டும் வாசல்ல வரிசையா நிக்கிறானுவோ" என்றார்கள் சித்தி.

அம்மா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அதுவரை வேகமாகப் பேசியவர்கள் இப்போது தரையைப் பார்த்துப் பேசினார்கள்.

"அமிர்தம், நான் செத்தா எங்க கொண்டுபோவீங்க?"

"கோயில்ல வந்து என்னா பேச்சுக்கா இது?"

"சொல்லுடி. அந்தப் புது எடத்துக்குத்தான கொண்டுபோவீங்க? அங்க யாரு நிப்பா? இவதான் நிப்பா. இவ கையால என்னைத் தள்ளி வுட்டு, கதவச் சாத்தி, நெருப்பத் திருப்பி வுடுவா." அம்மா என்னைப் பார்த்தார்கள். "இதை எழுது. நான் பெத்த புள்ள என்னை எரிக்கும். இது தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படிடி சோறு திங்கிறது?"

என் பேனா நின்றுவிட்டது.

இந்த வேலையைப் பற்றி நான் யோசிக்காதது எதுவும் இல்லை என்று எண்ணியிருந்தேன். உறவினர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அழைக்கமாட்டார்கள் என்று யோசித்திருந்தேன். இது இன்ன சாதியார் செய்யும் வேலை என்று ஊர் பேசும் பேச்சையும், அது சரியில்லை என்று தெரிந்தும் எதிர்த்துச் சொல்லத் தெரியாத என் வாயையும் யோசித்திருந்தேன். வாடை, புகை, குழந்தைகளைக் கொண்டுவரும் நாட்கள், எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். அம்மா ஒருநாள் அங்கே வருவார்கள் என்பதை மட்டும் நான் நினைக்கவேயில்லை. இப்போது அந்தக் கதவையும் அம்மாவின் பாதங்களையும் ஒருசேரப் பார்த்தேன். அம்மாவோ நான் சொன்ன அந்தக் கணத்திலிருந்தே, கீரைக்காம்பைப் பிடித்தபடி, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அன்னைக்கு நான் லீவு போட்டுடுறேம்மா" என்றேன்.

"லீவா?" அம்மா நிமிர்ந்தார்கள். "லீவு போட்டுட்டு?"

"வேற ஒருத்தர் பாத்துப்பாங்க."

"எவன் பாத்துப்பான்? எவனோ ஒருத்தன் என்னைப் புடிச்சுத் தள்ளுவான், நீ வெளிய பெஞ்சுல குந்திக்கிட்டுப் பாப்பியா? எல்லாருக்கும் செய்வ, பெத்தவளுக்கு லீவு போடுவியா? படிச்ச பொண்ணு பேசுற பேச்சாடி இது?"

"நான் செஞ்சாலும் தப்பு, செய்யாட்டியும் தப்புன்னா நான் என்னதாம்மா செய்யட்டும்?"

மண்டபத்தில் எதிரொலித்தது. அது என் குரல்தான் என்று உணர எனக்குச் சற்று நேரம் பிடித்தது. குழந்தை வைத்திருந்தவர்கள் மறுபடி திரும்பினார்கள். சித்தி வாயில் கை வைத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் நான் அப்படிப் பேசியதில்லை. யாரிடமும் பேசியதில்லை. கோயிலில் குரலை உயர்த்தியதற்காக உடனே வருந்தினேன். ஆனால் சொன்னதற்காக வருந்தவில்லை. அதுதான் என்னை மேலும் திகைக்க வைத்தது.

அம்மா தரையில் கிடந்த பேனா மூடியை எடுத்து அட்டையின் மேல் வைத்தார்கள்.

"இப்ப நஷ்டம்னு என்னாத்தை எழுதுறது?" என்றார்கள் சித்தி, மெதுவாக.

"ரெண்டையும் எழுதச் சொல்லு" என்றார்கள் அம்மா.

எழுதினேன். 'நான் இறந்தால் என் மகளே என்னை எரிக்க வேண்டிவரும். வேறொருவர் எரிப்பதும் எனக்குச் சம்மதமில்லை.' அம்மா கேட்டுவிட்டுத் தலையசைத்தார்கள். எந்த நீதிமன்றமும் இப்படி ஒரு மனுவை ஏற்காது. அம்மாவோ அதன் கீழே கைநாட்டு வைத்தார்கள்.

சந்நிதியில் வைத்துத் திரும்ப வாங்கிய தாளை மடித்துக்கொண்டு முனியப்பரிடம் போனோம். அங்கே நிறையத் தாள்கள் கட்டப்பட்டுக் காற்றில் ஆடின. அம்மாவுக்கு நூலில் முடிச்சு விழவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு என்னிடம் நீட்டினார்கள்.

"நீயே கட்டு."

என் மீதான பிராதை நானே கட்டினேன். அவிழ்ந்துவிடக் கூடாதே என்று இறுக்கித்தான் கட்டினேன்.

கோயில் வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது அம்மாவுக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. "நாளைக்கு நீ மட்டும் அங்க கால எடுத்து வெச்சுப் பாரு…" என்று தொடங்கினார்கள்.

"அக்கா, வாய மூடு" என்றார்கள் சித்தி.

"என்னாது?"

"பிராது கட்டியாச்சு. இனிமே நீ எதிராளிகிட்ட வாய் குடுக்கக் கூடாது. வரப்பு கேசுல எங்க வூட்டுக்காரர் எதிராளிங்கள ஒரு வார்த்தை ஏசப் போனப்ப நீதான வந்து கையப் புடிச்ச? சாமிகிட்ட குடுத்துட்டு நாமளும் பஞ்சாயத்து பண்ணா சாமிக்குக் கோவம் வரும்னு நீதான சொன்ன?"

அம்மா வாயைத் திறந்தபடி நின்றார்கள். பிராது கட்டினால் என்னை நிறுத்திவிடலாம் என்று மட்டும் எண்ணியிருந்தார்கள். தம் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

"அப்ப இவள நான் போகாதன்னு சொல்லக் கூடாதா?"

"கூடாது."

"எம்மா நாளு?"

"தீர்ப்பு வர்ற வரைக்கும். மூணு மாசம் வெச்சுக்க."

"மூணு மாசமும் இவ போயிட்டு வந்துக்கிட்டு இருப்பாளேடி!"

"போவா. வேணாம்னா சாமி நிறுத்தட்டும்."

அம்மா கொடி மரத்தின் பக்கம் திரும்பி ஏதோ கேட்பதுபோல் நின்றார்கள். நான் காத்திருந்த 'போ' வரவில்லை. ஆனால் 'போகாதே' என்பதும் இனி வராது. என்னைத் தடுப்பதற்கு அந்தச் சாலையில் யாரும் இல்லை. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் கைப்பிடிச் சுவரை யாரோ எடுத்துவிட்ட மாடிப்படியில் நிற்பதுபோல்தான் இருந்தது. இனிமேல் நான் போகாமல் இருந்தால் அதற்கு அம்மாவைக் காரணம் காட்ட முடியாது.

பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பாண்டியன் சாருக்குப் போன் செய்தேன்.

"சார், வணக்கம்ங்க. ஞாயித்துக்கிழமையில தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்ங்க. நாளையிலேர்ந்து நான் வரமாட்டேங்க. புது ஆளுக்குக் கத்துக்குடுக்க சாயந்தரத்துல வந்துடறேங்க."

"அம்மா சரின்னுட்டாங்களா?"

"இல்லைங்க சார். நான்தான் சொல்றேன்."

வணக்கம் சொல்லிப் போனை வைத்தேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்காததுபோல் இருக்க அவர்கள் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது.

திங்கட்கிழமை முதலில் அமரர் ஊர்தியில் வந்தவர் கம்மாபுரம் பக்கத்து அம்மா ஒருவர். பழக்கிக்கொடுக்க வந்திருந்தவர் என் அருகில் நின்றார், ஆனால் கதவை என்னைத்தான் திறக்கச் சொன்னார். அந்த வெப்பம் முகத்தில் அடித்தபோது நான் அலறிவிடுவேன் என்று பயந்திருந்தேன். அலறவில்லை. இளைய மகன் என்று சொன்ன ஒருவர், வெளியே போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எவ்வளவு நேரம் ஆகும் என்று சொன்னேன். பிறகு அவர் தம் தாயாரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான். ஆனால் ஒரு முழு நாள் வேலை செய்தேன் என்று எனக்கு அதற்கு முன் அப்படித் தோன்றியதில்லை.

மாலையில் கம்பெனிக்கும் போய்விட்டு வீடு திரும்பி, கொல்லைப்புறமாகவே போய்த் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வந்தேன். அம்மா சோறு போட்டார்கள். நான் சாப்பிட்டேன். கரண்டி சட்டியில் படும் சத்தம் மட்டும் கேட்டது. ரசம் ஊற்றும்போது அம்மாவால் அடக்க முடியவில்லை.

"நான் கேசப் பத்திப் பேசல" என்றார்கள்.

"சரிம்மா."

"சாமிகிட்ட குடுத்தது குடுத்ததுதான். நான் சும்மா கேக்குறேன். இன்னைக்கு யாரு வந்தது?"

"கம்மாபுரம் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா."

"என்னா பேரு?"

"சொர்ணாம்பாள்."

"வயசானவங்களா?"

"உன் வயசு இருக்கும்மா."

அம்மா ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். "புள்ளைங்க?"

"ரெண்டு பசங்க. சின்னவர் மட்டும்தான் வந்திருந்தார்."

"பெரியவன் வரலியா?"

"வரலம்மா."

அம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே என் எதிரில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்பின் பார்த்திராத சொர்ணாம்பாளுக்காக அவர்களுடைய கண்கள் கலங்கியதைக் கண்டு, பிசைந்த சோற்றோடு என் கை தட்டிலேயே நின்றது.

"பெத்தவளத் தூக்கிப் போடக்கூட வராம எங்கடி போனான் அந்தப் பாவி?" என்றார்கள். "முழுசா சொல்லு. நல்லாப் பாத்து அனுப்புனியா அவங்கள?"